பம்மல் மொட்டை மாடியில் சவுரிமுத்து கட்டிய நிலையம்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி. அதன் வரவேற்பறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், டெலிபோன் போர்டின் முன்னால் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருந்தவர் சவுரிமுத்து. நாலு வயதில் போட்ட அம்மை, உயிரை விட்டுவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டு போனது. பம்மலில் தோல் ஷெட்டில் வேலை பார்த்த அப்பா அவரைப் பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார். அங்கே பிரெயில், பிறகு டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி, பிறகு இந்த வேலை. முந்நூறு எண்களுக்கு மேல் மனப்பாடம். "ஹலோ" என்று ஒருவர் சொன்னாலே போதும், அவர் எந்தத் துறை, எவ்வளவு அவசரம் என்று கண்டுபிடித்துவிடுவார்.

2001ஆம் வருஷம், ஆடி மாதம். முதல்வரைப் பார்க்க வந்த ஒருவர் வரவேற்பறையில் காத்திருந்தார். பெயர் ஸ்ரீநிவாசராகவன், ரயில்வேயில் சிக்னல் இன்ஜினியராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர், கோவிலம்பாக்கத்தில் வீடு. மாணவர்களுக்கு அமெச்சூர் ரேடியோ பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் அவர் விரல் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"சார், தப்பா நெனைச்சிக்காதீங்க," என்றார் சவுரிமுத்து. "நீங்க தட்றது ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருது. நடுவுல ஒருவாட்டிகூட மாறல. அது இன்னா சார்?"

ராகவன் விரலை நிறுத்தினார். தட்டிக்கொண்டிருந்ததே அவருக்குத் தெரியாது. "என்னோட அழைப்புக்குறி சார். மோர்ஸ் கோட்ல. ரேடியோவுல எனக்கு அதுதான் பேர்."

"ரேடியோவுல பேசுவீங்களா? அந்தப் பக்கம் யாரு பேசுவாங்க?"

"யார் வேணா பேசலாம். முன்னப் பின்ன தெரியாதவாதான் நிறைய."

பதினாறு வருஷமாக ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்துவிட்டு, இணைப்புக் கிடைத்ததும் தன் காதை எடுத்துக்கொண்டு ஒதுங்குகிறவர் சவுரிமுத்து. தனக்கென்று ஒரு இணைப்பு என்கிற நினைப்பு அவரை அன்று முழுவதும் விடவில்லை.

ரேடியோவில் பேச லைசென்ஸ் வேண்டும், அதற்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்றார் ராகவன். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பிரெயிலில் இல்லை. வாசிக்கிற வேலை மனைவி ரோஸி தலையில் விழுந்தது. ரோஸி வீட்டிலேயே ப்ளவுஸ் தைப்பவர். பத்தாவது வரை படிப்பு. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம், தையல் மெஷின் மேல் புத்தகத்தை விரித்துவைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பார்.

"இம்... பெ... டான்ஸ். டான்ஸ்னு முடியுதுங்க."

"இம்பீடன்ஸ். ஆட்டம் இல்ல, மேல படி."

ஒரு வருஷத்தில் அந்தப் புத்தகத்தை இரண்டு முறை முடித்தார்கள். மோர்ஸ் கோடு சவுரிமுத்துவுக்கு மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. பெருங்குடியில் நடந்த தேர்வில், சொல்வதை எழுத ஓர் ஆள் கொடுத்தார்கள், தேறிவிட்டார். அதன் பிறகுதான் லைசென்ஸுக்கான போலீஸ் விசாரணை.

அவர்கள் குடியிருந்தது பம்மலில் ஜீவானந்தம் என்பவர் வீட்டு மாடி. ஜீவானந்தம் கீழே லேத் பட்டறை வைத்திருந்தார். விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் படியேறாமல் பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"ஏம்பா, மேல கீறவருக்குக் கண்ணு தெரியாதாமே. அவரு வயர்லெஸ்ஸு வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறாரு?"

"பேசப் போறாரு சார்," என்றார் ஜீவானந்தம். "பேசறதுக்குக் கண்ணு எதுக்கு?"

கான்ஸ்டபிள் அதையே எழுதிக்கொண்டு போனார். 2004 பொங்கல் கழிந்து தபாலில் லைசென்ஸ் வந்தது. அழைப்புக்குறி 'வி யு த்ரீ' என்று ஆரம்பித்தது. ரோஸி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார் சவுரிமுத்து.

முதல் வருஷம் ஒரு சின்னக் கையடக்க செட்டை வைத்துக்கொண்டு மெட்ராஸ் சுற்றுவட்டாரத்தோடு பேசினார். அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2005 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ராக்கெட்டில், பெரிய செயற்கைக்கோளோடு சின்னதாக இன்னொன்றும் போனது. நாற்பது கிலோவுக்குச் சற்று மேல் எடை. அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கென்றே செய்தது. ஹாம்சாட் என்று பெயர். அறுநூறு கிலோமீட்டருக்கும் மேலே பூமியைச் சுற்றிக்கொண்டு, கீழேயிருந்து வருகிற குரலை வாங்கி இன்னொரு அலைவரிசையில் கீழே அனுப்பும். காலையில் ஒருமுறை இருமுறை, இரவில் ஒருமுறை இருமுறை நம் தலைக்கு மேல் வரும். வந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் இருக்கும். அதற்குள் ஆன்டெனாவை அது போகிற போக்கில் திருப்பிக்கொண்டே பேச வேண்டும்.

"அதுக்குக் கம்ப்யூட்டர் வெச்சிருக்கா, ஆன்டெனாவைத் திருப்ப மோட்டார் வெச்சிருக்கா," என்றார் ராகவன். "ஸ்க்ரீன்ல பாத்துண்டே இருக்கணும்."

"ஸ்க்ரீன் இல்லாம முடியாதா சார்?"

ராகவன் யோசித்தார். "முடியாதுன்னு சொல்லல. கஷ்டம்."

சவுரிமுத்து அன்று அதோடு விட்டுவிட்டார். அடுத்த சனிக்கிழமை காயலான் கடைக்குப் போனார்.

கேபிள் டி.வி. வந்த பிறகு பம்மலில் ஒவ்வொரு மொட்டை மாடியிலிருந்தும் இறங்கிய பழைய ஆன்டெனாக்கள் காயலான் கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அலுமினியக் குழாய்களைத் தடவிப் பார்த்து, வளையாததாக இருபது பொறுக்கினார். பழைய சைக்கிளின் பின்சக்கர ரிம் ஒன்றையும் வாங்கினார். கம்பிகளைப் பிடுங்கிவிட்டு விரலால் எண்ணிப் பார்த்தார். நாற்பது ஓட்டை. வட்டத்துக்கு முந்நூற்று அறுபது டிகிரி. ஓர் ஓட்டைக்கு ஒன்பது. கடைக்காரர் எதற்கு என்று கேட்டதற்கு, "திசை பார்க்க" என்றார்.

மூன்று மாதம் வேலை நடந்தது. மேடு வைத்த பிரெயில் ஸ்கேலால் அளந்து, ஹாக்ஸா பிளேடால் குழாய்களை அறுத்தார். கேட்பதற்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று என்று இரண்டு ஆன்டெனா. இரண்டையும் ஒரே மர ரீப்பரில் பொருத்தினார். பெயின்ட் பக்கெட்டில் சிமென்ட் கொட்டி அதில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, அதற்குள் சுழலுகிற மாதிரி இன்னொரு குழாய். ஜீவானந்தம் அந்த ரிம்மைக் குழாயின் அடியில் படுக்கைவசமாக வெல்டு வைத்துக் கொடுத்தார். வடக்கு எந்தப் பக்கம் என்பதை ராகவன் காம்பஸ் கொண்டுவந்து சொன்னார். அந்த ஓட்டையில் ஒரு போல்ட்டு. அதிலிருந்து எத்தனை ஓட்டை தள்ளித் திருப்புகிறோம் என்பதைக் கட்டைவிரல் சொல்லும். ஆன்டெனாவை மேலே சாய்க்க ஒரு கதவுக் கீல். பிடித்து நிறுத்த ஒரு சங்கிலி. எத்தனையாவது கண்ணியில் மாட்டினால் எவ்வளவு சாய்வு என்று அளந்து வைத்துக்கொண்டார்.

இடது கை ரிம்மில், வலது கை ராகவன் இரவல் கொடுத்த பெரிய ரேடியோவில். பேசும்போது பட்டனை அழுத்த மூன்றாவது கைக்கு எங்கே போவது? ரோஸியின் மெஷினில் மோட்டாருக்கென்று வாங்கிச் சரிப்படாமல் கட்டிலுக்கடியில் கிடந்த கால் மிதியை எடுத்துக்கொண்டார். மைக்கை ஒரு கம்பியில் வளைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ஜீவானந்தத்துக்கு ஒரே ஒரு கவலைதான்.

"சவுரி சார், இதுல இடி கிடி எறங்காதே? கீழ என் லேத்து கீது."

"மழை வர்ற மாதிரி இருந்தா ஆன்டெனாவை எறக்கிப் படுக்க வெச்சிடறேன்."

"நீங்க ஆபீஸ்ல இருந்தா?"

"ரோஸி எறக்கிடுவா."

"அப்ப செரி," என்றார் ஜீவானந்தம்.

ஹாம்சாட் எப்போது, எந்தத் திசையில் வரும் என்பது இன்டர்நெட்டில் கிடைக்கும். வெள்ளிக்கிழமைதோறும் ரோஸி பல்லாவரத்தில் ஏகநாதன் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்த வாரத்துக் கணக்கை அச்செடுத்து வருவார். வீட்டில் அவர் வாசிக்க, சவுரிமுத்து பிரெயிலில் குத்திக்கொள்வார்: இத்தனை மணிக்கு எழும், இத்தனையாவது ஓட்டை, உச்சி இந்த ஓட்டை, மறைவது இந்த ஓட்டை. மற்ற நாட்களில் ஆபீஸ் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை காலைதான் வசதி. அதற்காக ஒன்பதரை மணிப் பூசையை விட்டுவிட்டு இருவரும் விடிகாலைப் பூசைக்கு மாறினார்கள். சாமியார் காரணம் கேட்டபோது, "வானத்துலேர்ந்து ஒருத்தர் வர்றார் ஃபாதர், பத்து மணிக்கு" என்று சவுரிமுத்து சொல்ல, ரோஸி அவர் கையைக் கிள்ளினார்.

செப்டம்பரில் முதல் முறை கேட்டார். முதலில் வெறும் இரைச்சல். நேரம் ஆனது. இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. அது ஹாம்சாட்டே விடாமல் அனுப்பும் ஒலி. பல்லாவரம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஹாரன், நெருங்கும்போது உயர்ந்தும் தாண்டியதும் தாழ்ந்தும் கேட்குமே, அந்த மாதிரி விசிலின் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதை வைத்து, அது எங்கே போகிறது என்று சவுரிமுத்துவால் சொல்ல முடிந்தது. ஒலி மங்கினால் ரிம்மை ஓர் ஓட்டை தள்ளுவார், தெளிந்துவிடும். இரண்டு ஞாயிறு கழித்து, பிரெயில் தாளைத் தொடாமலே பின்தொடர்ந்தார்.

கேட்பது கைவந்துவிட்டது. அனுப்புவதுதான் வரவில்லை.

ஹாம்சாட்டுக்குப் போகும் அலைவரிசை வேறு, வருவது வேறு என்பதால், பேசுகிறவர் தன் குரலே மேலே போய்த் திரும்பி வருவதை அப்போதே கேட்கலாம். எல்லாரும் அப்படித்தான் தாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதை அறிந்துகொள்வார்கள். அக்டோபரில் ஒரு ஞாயிறு, நவம்பரில் மூன்று ஞாயிறு, சவுரிமுத்து பேசினார், மோர்ஸ் அடித்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை. அந்த வருஷத்து மழை வேறு, பம்மல் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். மழை விட்ட இடைவெளியில் ஆன்டெனாவை நிமிர்த்துவதும் இறக்குவதுமாகப் போயிற்று.

டிசம்பர் முதல் ஞாயிறு, ராகவன் தன் அமெச்சூர் ரேடியோ கிளப் நண்பர்கள் இருவரோடு உதவிக்கு வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார்கள். ரேடியோவில் சொருகியிருந்த மீட்டரில் முள் நன்றாக ஏறியது.

"பவர் போறது," என்றார் ராகவன். "அதுல குத்தம் இல்ல." பிறகு கொஞ்சம் தயங்கி, "சவுரி, ஒண்ணு பண்ணலாம். நீங்க உக்காந்து பேசுங்கோ. ஆன்டெனாவை இவா பாத்துக்கட்டும்."

நண்பர்களில் ஒருவர் ரிம்மிலிருந்து சவுரிமுத்துவின் கையை மெதுவாக, ரொம்ப மரியாதையாக எடுத்துவிட்டார். சவுரிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர்கள் தாளையும் காம்பஸையும் பார்த்துத் திருப்பினார்கள். விசில் மங்குவதும் தெளிவதும் அவர் காதில் விழுந்தது. இரண்டு இடத்தில் அவர்கள் பின்தங்கிவிட்டதும் தெரிந்தது. சொல்லவில்லை. பேசிப் பார்த்தார். எதுவும் திரும்பி வரவில்லை.

படியிறங்கும்போது ராகவன் ரோஸியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கண் இல்லாம இது ரொம்பக் கஷ்டம்மா. அவர் மனசு நோகாம நீங்கதான் சொல்லணும்."

தாழ்ந்த குரல் என்பது பார்வையுள்ளவர்களுக்குத்தான். மாடியில் இருந்த சவுரிமுத்துவுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"அவங்க திருப்பினப்பவும்தானே வர்ல?" என்றார் ரோஸி. "அப்போ அவங்களுக்கும் கண்ணு இல்லையா?"

சவுரிமுத்து தட்டிலிருந்து கையை எடுத்தார். அது அவருக்குத் தோன்றவே இல்லை. யார் திருப்பினாலும் வரவில்லை என்றால் குற்றம் திருப்புவதில் இல்லை.

மறுநாள் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். பவரைக் குறைத்து, மோர்ஸ் கீயின் மேல் ஒரு எடைக்கல்லை வைத்தார். ரேடியோ விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் கேபிளை ரேடியோவிலிருந்து பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போனார். கேபிள் டிசம்பர் காற்றில் சில்லென்றிருந்தது. பக்கெட்டுக்கு அருகில் இரண்டு கேபிள்கள் சேரும் இணைப்பில் கை வைத்தார். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

கல்லை எடுத்தார். இணைப்பின் மேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். செம்புக் களிம்பின் வாசனை. அக்டோபர் மழையிலேயே உள்ளே தண்ணீர் இறங்கிச் செம்பு பூத்திருந்தது. ரேடியோவிலிருந்து போன பவரில் பெரும்பாலும் இந்த விரற்கடை இடத்திலேயே சூடாகித் தீர்ந்துகொண்டிருந்தது. மீட்டர் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்ததால், பவர் போவதை மட்டும் காட்டியது. எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டவில்லை.

புது கேபிள் ஒரே துண்டாக வாங்கினார்; நடுவில் இணைப்பே வேண்டாம் என்று முடிவு. நுனியில் மட்டும் பற்றவைத்து, அதன் மேல் ரோஸி மெழுகு உருக்கி ஊற்றினார்.

அடுத்த ஞாயிறு காலை பத்தே காலுக்கு ஹாம்சாட் வடக்கே எழுந்தது. சவுரிமுத்து விசிலைப் பிடித்தார், ரிம்மைத் திருப்பினார், கீயில் தன் அழைப்புக்குறியை அடித்தார். ஹெட்போனில் அதே அழைப்புக்குறி, அவர் அடிக்க அடிக்க, கூடவே வந்தது. கையை எடுத்தார், நின்றது. மறுபடி அடித்தார்; வந்தது. மிதியை அழுத்தி, "ஹலோ, ஹலோ, டெஸ்டிங், பம்மல்" என்றார். வாத்து கத்துவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. குமிழியை மயிரிழை திருப்பினார். வாத்து சவுரிமுத்துவாக மாறியது.

இருபது வருஷமாக டெலிபோனில் பேசினாலும், தன் குரல் வெளியே எப்படி இருக்கும் என்று அவர் அன்றுதான் கேட்டார். நினைத்ததைவிடக் கொஞ்சம் மெல்லிய குரல். மிதியிலிருந்து காலை எடுக்க மறந்துவிட்டார்.

எடுத்த மறுகணம் தெரிந்த குரல் ஒன்று கேட்டது. தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, "சவுரி, நீங்களா?" என்றது.

"நான்தான் ராகவன் சார்."

கோவிலம்பாக்கத்துக்கும் பம்மலுக்கும் நடுவில் இருப்பது ஒரு பல்லாவரம். பேச்சு அறுநூறு கிலோமீட்டர் மேலே போய் இறங்கிக்கொண்டிருந்தது.

"சிக்னல் பிரமாதமா இருக்கு. ஃபைவ் நைன், முழு மார்க். ஆன்டெனாவை யார் பிடிச்சுண்டிருக்கா?"

"யாரும் இல்ல சார். நான்தான் திருப்பறேன்."

ரிம்மை இன்னும் ஓர் ஓட்டை தள்ளினார் சவுரிமுத்து.

"நான் உங்காத்துல ரோஸிகிட்ட ஒண்ணு சொல்லிட்டேன்," என்றார் ராகவன். "சொல்லியிருக்கக் கூடாது."

"கேட்டுச்சு சார். பரவால்ல. கனெக்டர்ல தண்ணி எறங்கியிருந்துச்சு. உங்க பக்கமும் ஒருவாட்டி தொட்டுப் பாத்துடுங்க, மழை நல்லா பேஞ்சிருக்கு."

அதற்குள் ஹைதராபாத்காரர் ஒருவர் குறுக்கே அழைத்தார். பேச்சு அவரிடம் போனது. இரண்டு நிமிஷத்தில் ஹாம்சாட் தெற்கே இறங்கி மறைந்தது. ரோஸி படியேறி வந்தபோது சவுரிமுத்து ஹெட்போனைக் கழற்றாமல் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மூன்று வருஷத்தில் அவர் பதிவேட்டில் இருநூற்றுச் சொச்சம் பெயர் ஏறியது. கொழும்பு, மஸ்கட், பாங்காக். மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஒரு தமிழர் கிடைத்தார். "பம்மல்னா எங்க இருக்கு?" என்று அவர் கேட்டதற்கு, "நீங்க மெட்ராஸுக்குப் ப்ளேன்ல வந்தா, எறங்கறதுக்கு முன்னாடி எங்க மொட்டை மாடிய ஒரு உரசு உரசிட்டுத்தான் வருவீங்க" என்றார் சவுரிமுத்து.

கிளப்பில் வருஷத்துக்கொருமுறை திருநீர்மலை அடிவாரத்தில் கூடாரம் போடுவார்கள். 2007இல் புதிதாக வந்தவர்களுக்கு ஹாம்சாட்டைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைச் சவுரிமுத்துவிடம் கொடுத்தார் ராகவன். சவுரிமுத்து முதலில் எல்லாரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். வேடிக்கைக்கு இல்லை, லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் காது வேலை செய்யாது என்பது அவர் கட்சி. சிலர் மூடினார்கள். சிலர் மூடாமலே மூடிவிட்டதாகச் சொன்னார்கள். அவருக்கு அது குரலிலேயே தெரிந்தது.

ரோஸியும் பரீட்சை எழுதினார். புத்தகத்தை இரண்டு முறை வாய்விட்டு வாசித்தவருக்கு எழுத்துத் தேர்வில் சிரமமே இல்லை. மோர்ஸில்தான் முதல் முறை கோட்டைவிட்டார், மறுமுறை தேறினார். லைசென்ஸ் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷத்தில் பாதி அவருக்குப் போயிற்று. சவுரிமுத்துவுக்கு அதில் லேசான வருத்தம் உண்டு. "என் அஞ்சு நிமிஷத்துல நீ ரெண்டு நிமிஷம் சேத்துப் பேசற" என்பார். "அந்த ஈப்போக்காரர் சம்சாரம் ப்ளவுஸ் அளவு கேட்டாங்க, பாதியில எப்படி விடறது?" என்பார் ரோஸி.

2009 தொடக்கத்தில் தெருவின் மேற்குக் கோடியில், மூடிக் கிடந்த ஒரு தோல் ஷெட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். கட்டடம் கொஞ்சம் எழும்பிய பிறகு, மேற்கே போகும் நாட்களில் ஹாம்சாட் முப்பதாவது ஓட்டைக்கு வரும்போது சட்டென்று அமுங்கி, முப்பத்தோராவதில் மறுபடி கேட்டது. சவுரிமுத்து அதைக் குறித்துக்கொண்டார். சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு, அமுங்கல் இன்னும் சற்று மேலேயும் நீண்டது. சங்கிலியை ஒரு கண்ணி உயர்த்தி மாட்டிப் பார்த்தார், அப்படியேதான் இருந்தது.

"ரோஸி, அந்த பில்டிங்ல அடுத்த மாடி போட்டுட்டாங்களா?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரோஸி திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க. நாலாவது. நேத்துகூட நான் கவனிக்கலையே. சாரம் கட்டியிருக்காங்க."

"இன்னும் எத்தனை மாடியாம்?"

"ஜீவானந்தம் அண்ணனைத்தான் கேக்கணும்."

சவுரிமுத்து கழுத்திலிருந்து மைக்கைக் கழற்றிவிட்டு, ஜீவானந்தத்தைக் கேட்கக் கீழே இறங்கினார்.